ஈசக்காவுக்கு வந்த வேலை

டுசல்டோர்ஃப்
2.11.2024

அன்புள்ள ஈசக்காவுக்கு,

பத்து நாளாக நீங்கள் ஃபோன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னை புளொக் செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அனுப்பியதெல்லாம் ஒற்றைச் சரியோடு நிற்கிறது. வேறு வழி தெரியாமல் கடதாசியும் பேனாவும் எடுத்தேன்.

நான் செய்தது பிழைதான். வேலை கிடைத்த செய்தியை, புறப்படுகிற கிழமையில் வந்து வாசலில் நின்று சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் “நல்லது” என்று ஒரு சொல் சொன்னீர்கள். உள்ளே வா என்று கேட்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் நான் திரும்பியது அன்றைக்குத்தான்.

வேலை ஓர் ஆஸ்பத்திரியின் துணிக் களஞ்சியத்தில். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரண்டுக்கு முடிந்துவிடும். நம் பழைய சலவைத் தொழிற்சாலையின் வெக்கையும் நீராவியும் இங்கே இல்லை. வெளியே வெளுத்து வருகிற துணியைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஒவ்வொரு மாடியிலும் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் என்னைப் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம். இணையத்தில் தற்செயலாகக் கண்டு விண்ணப்பித்தேன். நாற்பத்து மூன்று விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் நல்ல பதில் இது. இவ்வளவு காலம் வெறும் கையோடு இருந்தவளுக்கு ஒன்று கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

இனி உங்களுக்கு வேலை அலுவலகத்தில் இருந்து வரும் கடிதங்களை யார் வாசிப்பார்கள் என்பதுதான் என் யோசனை. வருவதை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். முன்பு போல ஒவ்வொன்றுக்கும் அது என்ன கடிதம் என்று தமிழில் எழுதி அனுப்புகிறேன். வேறு யாரிடமும் கொடுத்து அலைய வேண்டாம்.

தியாகராசா அண்ணையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
மலர்


டோர்ட்மண்ட்
9.11.2024

மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஃபோன் எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. எரிச்சல். பொறாமை என்றே வைத்துக்கொள், அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. உனக்கு வேலை கிடைத்தது என்று கேட்ட அன்று நான் சமைக்கவில்லை. அவர் வேலையால் வந்து, “என்னப்பா, வருத்தமோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். தொழிற்சாலையை மூடி நம் எல்லோரையும் வெளியே விட்டபோது கூட நான் ஒரு நேரம் அடுப்பு மூட்டாமல் இருந்ததில்லை.

நீ சிறியவள். உனக்கு டொச் பாஷை கதைக்கவும் வாசிக்கவும் தெரியும். எனக்கு ஐம்பத்தேழு. உனக்குக் கிடைப்பதும் எனக்குக் கிடைக்காததும் நியாயம் என்றுதான் புத்தி சொல்லுகிறது. நெஞ்சு கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு முழிப்பு வரும்போதெல்லாம், இப்போது மலர் வேலைக்குள் இறங்கியிருப்பாள் என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொல்லி வேலை அலுவலகத்தில் எனக்குத் தெர்மீன் தந்திருந்தார்கள். நீ இல்லாமல் முதன்முதலாகத் தனியே போனேன். என் அதிகாரி ஃபிராவ் பிராண்ட் கணினியைப் பார்த்தபடி வேகமாக ஏதோ கேட்டாள். அதில் டுசல்டோர்ஃப் என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. உன்னைப் பற்றித்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்து, “யா, யா, டுசல்டோர்ஃப், நல்லது” என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தக் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பக்கம், கடைசியில் நான் நிரப்ப வேண்டிய பெட்டிகள். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஃபோனில் கதைத்தால் உன் குரலைக் கேட்டு ஏதாவது சொல்லிவிடுவேன். எழுதியே அனுப்பு.

இராஜேஸ்வரி


டுசல்டோர்ஃப்
14.11.2024

அன்புள்ள ஈசக்காவுக்கு,

பயப்பட ஒன்றும் இல்லை. வழக்கமான விசாரணைக் கடிதம். செப்டெம்பரில் அவர்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி உங்களுக்கு எழுதினார்களாம். நீங்கள் விண்ணப்பிக்கவில்லையாம். ஏன் என்று கேட்கிறார்கள். தபாலில் எத்தனையோ கடிதங்கள் தொலைகின்றன.

கீழே டொச்சில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து அந்தப் பெட்டிக்குள் அப்படியே எழுதி, கையெழுத்து வைத்து, இருபத்தோராம் திகதிக்கு முன் அனுப்பிவிடுங்கள். “அப்படி ஒரு கடிதம் எனக்கு வரவில்லை” என்பதுதான் அதன் அர்த்தம். வேறு ஒன்றும் எழுத வேண்டாம். வேறு யாரிடமும் காட்டவும் வேண்டாம், ஆளுக்கொரு கதை சொல்லிக் குழப்புவார்கள்.

வேலை கொஞ்சம் கூட. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மலர்


டோர்ட்மண்ட்
25.11.2024

தவமலருக்கு,

நீ எழுதித் தந்த வரியைப் பெட்டிக்குள் எழுதினேன். எழுத்து வளைந்து போய்விட்டது. பிழை இருந்தால் வெட்கம் என்று, தமிழ்ச் சங்கத்தில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கிற சிவானுஜாவிடம் கொண்டுபோனேன். எழுத்துப் பிழையை மட்டும் பார் பிள்ளை என்றுதான் கொடுத்தேன்.

அவள் வாசித்துவிட்டுக் கேட்டாள்: “உண்மையா உங்களுக்குக் கடிதம் வரேல்லையோ அன்ரி?”

“அப்பிடித்தான் மலர் சொன்னவா.”

“அவ சொன்னது இருக்கட்டும். வேலை அலுவலகத்துக் கடிதங்கள் எல்லாத்தையும் என்ன செய்யிறனீங்கள்?”

“ஒண்டையும் எறியேல்லை. எல்லாம் ஃபைலுக்கை கிடக்கு.”

வீட்டுக்குப் போய் ஃபைலைக் கொண்டுவந்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பிரட்டினாள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் உன் பென்சில் எழுத்து. “தெர்மீன், 12ஆம் திகதி.” “காப்புறுதி.” “முகவரி சரிபார்க்க.” உன் எழுத்தின் அழகைப் பார்த்து அந்தப் பிள்ளை, “வடிவான கையெழுத்து” என்று கூடச் சொன்னாள். பிறகு செப்டெம்பர் பதினேழாம் திகதிக் கடிதம் கைக்கு வந்தது. அதன் தலையில் நீ எழுதியிருந்தது: “தேவையில்லை.”

அவள் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். டுசல்டோர்ஃபில் ஆஸ்பத்திரி. துணிக் களஞ்சியம். காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை. ஆறு மாதத்துக்குப் பிறகு நிரந்தரம். அவள் வாசிக்க வாசிக்க, அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. உன் முதல் கடிதத்தில் அதைத்தானே எனக்கு எழுதியிருந்தாய்.

உன் வரியைக் கிழித்துப் போட்டேன். வந்த கடிதத்தை வரவில்லை என்று நான் எழுத மாட்டேன். இதற்குள் அவர்கள் கொடுத்த நாளும் கடந்துவிட்டது. மூன்று கிழமைக்கு உதவிப்பணம் நிறுத்தம் என்று எழுதிவிட்டார்கள். ஸ்பெர்சைட் என்று அதற்குப் பெயராம். முப்பத்து இரண்டு வருடம் இந்த நாட்டில் உழைத்தவள், வந்த வேலையை வேண்டாம் என்றவளாக அவர்களின் கணினியில் நிற்கிறேன்.

நான் எரிச்சல்பட்டேன் என்று வெட்கம் கெட்டு உனக்கு எழுதினேனே. என்னுடைய வேலையைப் பார்த்து நானே எரிச்சல்பட்டிருக்கிறேன். அதை வாசித்தபோது உனக்கு எப்படி இருந்தது? அதை மட்டும் எழுது.

இராஜேஸ்வரி


டுசல்டோர்ஃப்
1.12.2024

ஈசக்காவுக்கு,

அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். ஒரு நிமிடம், முதல் முறையாக, ஈசக்கா என்னைப் பார்த்து எரிச்சல்படுகிறா என்று சந்தோஷம். அதற்குப் பிறகுதான் உடம்பு கூசியது.

மறைக்க இனி ஒன்றும் இல்லை. செப்டெம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று காலை எனக்கு இரண்டு மறுப்புக் கடிதம் வந்தது. ஒன்றில் என் பெயரையே பிழையாக எழுதியிருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு, “மலர், மேசையில மூண்டு கடிதம் கிடக்கு, என்னெண்டு பார்” என்றீர்கள். மூன்றாவதுதான் அது. உங்கள் தகுதிக்கும் அனுபவத்துக்கும் பொருத்தமான இடம் என்று தொடங்கியது. இரண்டாம் தரமும் வாசித்தேன்.

நீங்கள் கைகழுவிக்கொண்டு, “என்னவாம்?” என்று கேட்டீர்கள்.

“ஒண்டுமில்லை அக்கா, விளம்பரம்” என்றேன். பென்சிலால் எழுதி ஃபைலில் குத்தியதும் நானே. எறிந்திருக்கலாம். எறிந்தால் களவு, எழுதி வைத்தால் பிழையாக வாசித்தது என்று என் மனம் ஒரு கணக்குப் போட்டது. போகும்போது நீங்கள் கத்தரிக்காய்க் கறி கட்டித் தந்தீர்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் அந்த விண்ணப்பத்தை எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நம் இருவரின் விண்ணப்பங்களையும் எழுதியது நான். ஒரே மேசை, ஒரே வசனங்கள். உங்கள் பெயர் போட்டதற்கு மூன்று இடத்தில் இருந்து நேரில் வரச் சொன்னார்கள். என் பெயர் போட்ட நாற்பத்து மூன்றில் ஒன்றுக்கும் இல்லை. உங்களோடு மொழிபெயர்க்க நான்தான் வந்தேன். “அவ மிகவும் கவனமான வேலைக்காரி” என்று உங்களைப் பற்றி என் வாயாலேயே மூன்று இடத்தில் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

என் எரிச்சல் அப்போது தொடங்கியதும் அல்ல. தொழிற்சாலையில் துணியை அழுத்தும் சூட்டு உருளையில் இருந்து விரிப்பு வெளியே வரும்போது, ஒரு முனையை நீங்களும் மறுமுனையை நானும் பிடித்துத்தானே பதினெட்டு வருடம் மடித்தோம்? மேற்பார்வையாளர் பீலிக்ஸ் வந்து அடுக்கைத் தடவிப் பார்த்து, “ராஜேஸின் மடிப்பு” என்பார். ஒரு நாளாவது நம் இருவரின் மடிப்பு என்று சொல்லியிருக்கிறாரா? மழை பெய்தால் தியாகராசா அண்ணை உங்களுக்காகக் குடையோடு தொழிற்சாலை வாசலில் நிற்பார். என் மனுசன் சிதம்பரம் என்னை விட்டுப் போன வருடம் நான் உங்கள் இருவருக்கும் பின்னால் அதே மழையில் நடந்து வந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, “வா மலர், குடைக்குள்ளை வா” என்றீர்கள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்கு என்னிடம் இருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், என் டொச். அதை வைத்தே உங்களை வெட்டினேன்.

மன்னிப்புக் கேட்டால் நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டி வரும். கேட்கவில்லை. இதோடு ஒரு பக்கம் டொச்சில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பெண்ணின் கடிதங்களை வருடக்கணக்காக வாசித்துச் சொன்னவள் நான், செப்டெம்பர் பதினேழாம் திகதிக் கடிதத்தில் இருந்ததைத் தெரிந்துகொண்டே பொய் சொன்னேன், அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன் என்று என் பெயரும் முகவரியும் போட்டு எழுதியிருக்கிறேன். சிவானுஜாவிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு, தீர்ப்பை எதிர்த்து மனு கொடுங்கள். அதற்கு ஒரு மாதம் இருக்கிறது. மனுவோடு இந்தப் பக்கத்தையும் வையுங்கள். இது என் முதலாளியின் கைக்குப் போனால் போகட்டும்.

மலர்


டோர்ட்மண்ட்
11.1.2025

மலருக்கு,

மனு ஏற்கப்பட்டது. தண்டனையை எடுத்துவிட்டார்கள். ஃபிராவ் பிராண்ட் உன் பக்கத்தை இரண்டு முறை வாசித்தாள். பிறகு என்னிடம் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, “இந்தப் பெண் இன்னும் உங்கள் சிநேகிதியா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி யாருடைய உதவியும் இல்லாமல் எனக்கு விளங்கியது. பதில்தான் தெரியவில்லை. “தெரியாது” என்ற சொல்லை டொச்சில் சொன்னேன்.

அவள் என்னை டொச் வகுப்புக்கு அனுப்புகிறாள். காலை எட்டு மணியில் இருந்து பன்னிரண்டரை வரை. வகுப்பில் நான்தான் மூத்தவள். பக்கத்தில் இருக்கும் சிரியாக்காரப் பொடியன் என்னிடம் பார்த்து எழுதுகிறான், அவ்வளவுக்கு அவன் மோசம்.

இப்போது நான் எழுதப் போவதை அவருக்குக் கூடச் சொல்லவில்லை. எல்லாரையும் நிறுத்தியபோது என்னை மட்டும் இரண்டு மாதம் கூட வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? மிச்சத் துணியை முடித்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அதற்கு முதல் நாள் பீலிக்ஸ் என்னைக் கூப்பிட்டு, எனக்கு விளங்கக் கையால் காட்டிக் காட்டி, “உன்னை வைக்கவா, தவமலரை வைக்கவா? அவளுக்கு மொழி தெரியும்” என்று கேட்டார். நான் இடுப்பில் கைவைத்துக் காட்டி, “மலர், வருத்தம். தூக்க ஏலாது” என்று எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் சொன்னேன். உன் இடுப்பு வலியை நீ என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய். யாருக்கும் சொல்லாதேங்கோ அக்கா என்று சொல்லித்தான் சொன்னாய்.

ஏன் சொன்னேன்? எந்த அலுவலகத்துக்குப் போனாலும், காகிதம் என்னுடையது, பெயர் என்னுடையது, ஆனால் எதிரே இருப்பவள் உன் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பாள். நான் பக்கத்தில் பொதி மாதிரி இருப்பேன். “அவ என்ன சொல்லுறா?” என்று உன்னிடம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போனது. ஒரு தரம் உன்னைப் பற்றி நான் கதைக்க வேண்டும் போல இருந்தது. கதைத்தேன்.

இரண்டும் ஒன்று என்று எழுதவில்லை. நீ செய்தது பெரிது. ஆனால் என்னை மட்டும் நல்லவளாக வைத்து நீ இன்னொரு கடிதம் எழுதினால் எனக்கு அதைக் கையில் பிடிக்க ஏலாது.

இராஜேஸ்வரி


டுசல்டோர்ஃப்
2.2.2025

ஈசக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் அழவில்லை. பீலிக்ஸ் என் பெயரையும் யோசித்திருக்கிறார் என்பதுதான் முதலில் மனதில் நின்றது. இத்தனை வருடமும் அவர் கண்ணில் நான் படவே இல்லை என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு உங்கள் மேல் வந்த கோபம் ஒரு கிழமை நின்றது. அதனால்தான் பதில் பிந்தியது.

இன்னொன்று. இங்கே களஞ்சியத்தில் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போகிறாள். மேலதிகாரி திங்கட்கிழமை எல்லாரையும் வைத்து, “யாருக்காவது அனுபவமுள்ள ஒருவரைத் தெரியுமா?” என்று கேட்டா. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஈசக்கா இங்கே வந்தால் ஒரு மாதத்தில் எல்லா மாடியிலும் அவவின் பெயர்தான் கேட்கும், நான் திரும்பவும் மறுமுனை பிடிப்பவளாகிவிடுவேன் என்று நினைத்தேன். திங்கள் முழுவதும், செவ்வாய் முழுவதும் பேசாமல் இருந்தேன். புதன்கிழமை காலை போய் உங்கள் பெயரைச் சொன்னேன். அந்த இரண்டு நாளையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு வருடத்துக்கு என்கிறார்கள். பத்தாம் திகதிக்குள் விண்ணப்பம் வர வேண்டும். முகவரி கீழே இருக்கிறது. நான் எழுதித் தர மாட்டேன். கேட்டாலும் தர மாட்டேன். என் கையை நானே இன்னும் நம்பவில்லை. நீங்களே எழுதுங்கள்.

மலர்


டோர்ட்மண்ட்
16.2.2025

மலருக்கு,

நானே எழுதினேன். ஐந்து நாள் எடுத்தது. சிவானுஜா எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினாள், வசனங்களில் கைவைக்க நான் விடவில்லை. இருபதாம் திகதி வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. என்ன கேட்பார்கள் என்று அவர் என்னை இருத்தி வைத்துத் தினமும் கேட்கிறார். அவருடைய டொச் என்னுடையதை விட மோசம்.

கிடைக்குமோ தெரியாது. கிடைத்தால் ஒரே இடத்தில் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். நீ அங்கே ஐந்து மாதம் மூத்தவளாக நின்று எனக்குப் பழக்குவாய். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே.

ரயில் ஒன்பது பன்னிரண்டுக்கு வருகிறது. டுசல்டோர்ஃப் நிலையத்தில் எந்தப் பக்கத்தால் வெளியே வருவது, எந்த ட்ராம் எடுப்பது என்று எனக்குத் தெரியாது. பலகையைப் பார்த்து வாசித்துவிடுவேன், ஆனால் நேரம் செல்லும். அன்றைக்கு உனக்கு வேலை என்றால் லீவு கேட்டுக்கொண்டு வந்து நில். கதைக்க வேண்டும் என்றில்லை.

ஈசக்கா